படி வேறு, காவல் வேறு



போன மாதம் பச்சமலையில் எங்கள் வண்டி கல்லில் மாட்டிக்கொண்ட செய்தி பலவிதமாகச் சுற்றிவிட்டது. "டீச்சர், வண்டி கவிழ்ந்துவிட்டதாமே" என்று சென்னையிலிருந்து ஒரு மாணவி அழுகிற குரலில் போன் செய்தாள். கவிழவில்லை. எல்லோரும் நலம். என்ன நடந்தது, அதில் என் தவறு என்ன, எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரே முறையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கம்.

இரண்டு வருடம் முன்பு மகன் மஹிந்திரா தார் வாங்கினான். பக்கத்துக்கு ஒரே கதவு உள்ள வண்டி. பின்சீட்டுக்குப் போக வேண்டுமானால் இடது முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே 226 மில்லிமீட்டர் இடைவெளி. காட்டுப்பாதைக்கு அது நல்லது. அறுபத்தாறு வயது முழங்காலுக்கு நல்லதில்லை.

சின்ன வயதில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கிக் குதிரை வண்டி ஏறுவோம். பின்னால் ஒரு இரும்புப் படி தொங்கும். பாட்டிகூட அதில் கால் வைத்து ஏறிவிடுவார். அந்த நினைப்பில், "இந்த வண்டிக்கும் ஒரு படி வைடா" என்றேன்.

மகன் தயங்கினான். "அம்மா, நாம மலைக்குப் போற வண்டி. படி வேண்டாம். ராக் ஸ்லைடர்னு ஒன்னு இருக்கு, கல்லுல அடி வாங்கறதுக்கு. அதைப் போடணும்" என்றான். அவன் சொன்னதற்கு 22,000 ரூபாய். கடையில் தொங்கிய சைடு ஸ்டெப் 6,500 ரூபாய். "கால் வைக்கிற பைப்புக்கு இவ்வளவு காசா?" என்று நான்தான் சத்தம் போட்டு 6,500 ரூபாய்ப் படியை வாங்க வைத்தேன். அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். அகலமான படி, மேலே கறுப்பு ரப்பர். கால் வைத்தால் சுகமாக இருந்தது. போல்ட் எங்கே போய் முடிகிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். துறையூர், சோபனாபுரம் வழியாக மலை ஏறி, டாப் செங்காட்டுப்பட்டி தாண்டி உள்ளே போக வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மகன் ஓட்டினான். அக்காவுக்கு 72 வயது என்பதால் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் பின்சீட்டில் இருந்தேன்.

பாதையின் குறுக்கே பாறை மேடு ஒன்று. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் வண்டியின் நடுவயிறுதான் மேட்டுக்கு மேல் நிற்கும். முன்னும் பின்னும் எவ்வளவு உயரம் இருந்தாலும் நடுவில் உரசும் இடம் இதுதான். இடது சக்கரம் சறுக்கி ஒரு பள்ளத்தில் இறங்க, வண்டியின் எடை நான் ஆசையாக வாங்கிய படியின்மேல் உட்கார்ந்தது. படி மேலே மடங்கி, கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை உள்ளே தள்ளி, கதவின் அடி விளிம்பில் குத்தி நின்றது.

கதவு திறக்கவில்லை.

மகன் வலப்பக்கம் இறங்கிவிட்டான். அக்காவால் கியர் கம்பிகளைத் தாண்டி அந்தப் பக்கம் நகர முடியவில்லை. அக்கா இறங்காமல் நான் இறங்க வழி இல்லை. பின்கதவு வழியாக வரச் சொன்னான். சீட்டைத் தாண்டி இறங்க என் முட்டி ஒத்துழைக்கவில்லை. மழை தூற ஆரம்பித்தது. அக்காவுக்குப் படபடப்பு. "என்னை வெளியே எடு, என்னை வெளியே எடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னாள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்ன வாயில் அன்று ஒரு வார்த்தை வரவில்லை. ஏறுவதற்கு என்று நான் கேட்ட படிதான் எங்களை இறங்க விடாமல் வைத்திருந்தது.

ஊர்க்காரர்கள் கடப்பாறையோடு வந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தடியில் கல் அடுக்கி, படியை வெளியே நெம்பி எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா இறங்கியதும் ஒரு வீட்டுத் திண்ணையில் சுக்குக் காபி கொடுத்தார்கள். அந்த ஊருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு மாணவரிடம் போனோம். திருச்சியில் வெல்டிங் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. 1965-ல் பெல் தொழிற்சாலை வந்தது, 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே வந்தது. அந்த வேலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஏராளம்.

அவர் பாய் விரித்து வண்டிக்கடியில் படுத்தார். வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், உங்களுக்கு ஏற படி வேணுமா, வண்டிக்குக் காவல் வேணுமா?"

"ரெண்டும்தான்பா."

"அப்ப ரெண்டு பொருள் வேணும் டீச்சர். படின்னா கீழ தொங்கணும், அப்பதான் கால் எட்டும். காவல்னா மேல ஏறி பாடியை ஒட்டி இருக்கணும், அப்பதான் கல்லுல மாட்டாது. ஒன்னையே ரெண்டுக்கும் வச்சா ரெண்டும் நடக்காது."

அதற்குப் பிறகு அவர் ஆசிரியர், நான் மாணவி. நான் படித்தது இடைநிலை ஆசிரியர் பயிற்சி. இயந்திரம் தெரியாது. குறித்துக்கொண்டதை உங்களுக்கும் தருகிறேன்.

ஒன்று. இந்த வகை வண்டியில் சேசிஸ் என்பது எலும்பு, பாடி என்பது தோல். நடுவில் ரப்பர் வைத்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பழைய படி தோலில் மாட்டியிருந்தது. காவல் பைப் எலும்பில் மாட்ட வேண்டும். பாடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியும் விட வேண்டும். வண்டி ஓடும்போது இரண்டும் தனித்தனியே அசையும்.

இரண்டு. சேசிஸில் வெல்டிங் கூடாது, புது ஓட்டையும் போடக் கூடாது. சூடுபட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும், வாரண்டியும் போகும். ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் சேசிஸை ஒட்டியே போகும். அவை நசுங்காமல் பார்க்க வேண்டும்.

மூன்று. வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் உள்ள பைப். மீட்டருக்கு 3.56 கிலோ. நானே பெருக்கிப் பார்த்தேன். கால்கள், தகடு எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு இருபது கிலோவுக்குள் முடிந்தது. மெல்லிய பைப் மடங்கும், மிகக் கனமானது வண்டிக்குச் சுமை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜிஐ பைப் வேண்டாம். வெல்டிங் செய்யும்போது அதன் துத்தநாகப் புகை செய்கிறவருக்குக் காய்ச்சல் வரவழைக்கும்.

நான்கு. பக்கத்துக்கு மூன்று கால்கள், ஒவ்வொன்றின் அடியிலும் 6 மில்லிமீட்டர் தகடு. போல்ட் தலையில் 8.8 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் எட்டு அறுபடும் பலம், சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ. புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. தசம எண்ணை இத்தனை வருடம் கற்றுக்கொடுத்தவளுக்கு போல்ட் தலையில் ஒரு பாடம் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஐந்து. பைப்பின் இரு முனையும் மூடியிருக்க வேண்டும், அடியில் சிறு துளை வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் தண்ணீர் துருவாக்கும். பெயின்ட் சாதாரணமாக இருந்தால் போதும். கல்லில் உரசத்தான் போகிறது. உரசிய இடத்தில் வீட்டிலேயே தொட்டுக்கொள்ளலாம்.

சட்டத்தையும் கேட்டேன். முன் பம்பரில் இரும்புக் கம்பி மாட்டுவதைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அதனால் முன்பக்கம் எதையும் தொடுவதில்லை என்றார். பக்கத்திலும் டயரைத் தாண்டி வெளியே நீட்ட மறுத்துவிட்டார். நம் உத்திர வீதியில் நடந்து போகிறவர் முழங்காலும் முக்கியம் அல்லவா. நீங்கள் மாட்டுவதாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் அவர் காசு வாங்கவில்லை. "பரீட்சை வச்சுட்டு வாங்கிக்கறேன் டீச்சர்" என்றார். வலப்பக்கச் சக்கரங்களுக்குத் தேருக்குப் போடுவது போல் கட்டை போட்டார். இடப்பக்கப் பைப்பின் நடுவில் ஜாக்கியை வைத்து ஏற்றினார். வண்டியின் ஒரு பக்கம் முழுவதும் அந்தப் பைப்பின்மேல் எழும்பி நின்றது. "இப்ப கதவைத் திறங்க" என்றார்.

கை கொஞ்சம் நடுங்கியது. இழுத்தேன். வழக்கம்போலத் திறந்தது. மூடினேன், மறுபடி திறந்தேன். மூன்று முறை செய்தேன். மகன் சிரித்தான். அவனுக்கு நான் சொல்ல வேண்டிய மன்னிப்பை அங்கேயே சொல்லிவிட்டேன்.

மொத்தம் 19,000 ரூபாய். முன்பு வீணான 6,500 ரூபாயும் கதவுத் தகடு நிமிர்த்திய செலவும் தனி.

நான் ஏறுவதற்கு? வீட்டில் சும்மா கிடந்த மரமுக்காலிக்கு ரப்பர் கால் அடித்து, ஒரு ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டிக்கொண்டேன். முக்காலியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டு, கயிற்றை இழுத்தால் முக்காலி மடிக்கு வந்துவிடும். குனியவே வேண்டாம். முழங்கால் வலி உள்ள என் வயதுக்காரர்கள் முயற்சி செய்து பாருங்கள்.

அக்கா இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற வண்டியின் கதவைத் தானே ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளே, உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு படி இருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு பாய் விரித்துக் கீழே படுத்து, போல்ட் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஸ்ரீரங்கம்