ஊர்ந்து போன ஒரு நாள்

பிரான்சு நாட்டில் டிஜோன் என்னும் நகரத்திலிருந்து போன் என்னும் சிறு நகரத்திற்கு 37 கிலோமீட்டர். (போன் என்பது ஊரின் பெயர்; தொலைபேசி அன்று. இதை முதலிலேயே தெளிவாக்காவிட்டால் நம் சங்கத்து நகைச்சுவை அன்பர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.) வேகமாகச் செல்லும் இரயில் இத்தூரத்தை 20 நிமிடத்தில் கடந்துவிடும். எங்களுக்கோ காலை 8 மணி முதல் மாலை வரை ஆயிற்று. வண்டியின் மேல் குறையொன்றுமில்லை. வழியிலுள்ள சிறு நிலையங்களில் இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, அடுத்த வண்டி வரும்போது ஏறிக்கொள்வது என்று நாங்களே வகுத்துக்கொண்ட திட்டம் அது.

"எங்களுக்கு" என்று பன்மையில் எழுதிவிட்டேன். இனி மறைத்துப் பயனில்லை. உடன் வந்தவர் நம் சங்கத்தின் முன்னாள் செயலாளர்களுள் ஒருவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சங்கத்துப் பொங்கல் விழாவில் வெல்லத்தின் அளவைப் பற்றி எங்களுக்குள் எழுந்த வாக்குவாதம், இரண்டே ஆண்டுகளில் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசும் அளவுக்கு வளர்ந்தது. என் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்தும், அவருடைய தந்தையார் நெல்லையிலிருந்தும் அரசாங்க வேலைக்காக டில்லிக்கு வந்தவர்கள். இருவரும் இசைந்தார்கள். தை மாதத்தில் திருமணம் என்று முடிவாயிற்று.

இதற்கிடையில் அவர் மேற்படிப்புக்காக லியோன் நகரத்திற்குச் சென்றுவிட்டார். கடந்த ஆண்டு, முதுநிலைத் தேர்வு முடிந்ததும், எனக்கு டிஜோனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. திராட்சைச் சாற்றை மதுவாக மாற்றும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பற்றிய பயிற்சி. "மகள் பிரான்சுக்குப் போய்ச் சாராயம் காய்ச்சப் படிக்கிறாள்" என்று என் பாட்டியார் அக்கம்பக்கத்தில் சொன்னதாகக் கேள்வி.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருக்கையில், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இந்தப் பயணம். போன் நகரம் லியோன் செல்லும் பாதையிலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்து அவர் தெற்கே லியோனுக்கும் நான் வடக்கே டிஜோனுக்கும் பிரிவது என்று ஏற்பாடு.

என் பையில் எலுமிச்சைச் சோறு இருந்தது. டிஜோன் கடுகுக்குப் பேர்போன ஊர். ஆனால் கடைகளில் நான் கண்டதெல்லாம் அரைத்துக் குப்பியில் அடைத்த கடுகே. தாளிக்க வீட்டிலிருந்து கொண்டுபோன பொட்டலம்தான் உதவியது. அதே பையில், சோற்றுக்குக் கீழே, ஒரு கடிதமும் இருந்தது. நம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன் என்னும் கடிதம். தையில் திருமணம் முடிந்து நான் லியோனுக்குக் குடிபோவதாக இரு வீட்டாரும் எண்ணியிருந்தார்கள். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். கடிதம் வந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

டிஜோனை விட்டு வண்டி தெற்கே புறப்பட்டதும் வலப்பக்கத்துச் சன்னலோரம் அமர்ந்துகொள்ள வேண்டும். அங்கேதான் திராட்சைச் சரிவு தொடங்குகிறது. மலை என்று சொல்லத்தக்க உயரமில்லை. கிழக்கு நோக்கிய நீண்ட மேடு. காலை வெயில் முழுவதும் அதன் மேல் விழுகிறது. அடியில் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. அதனால் பத்து அடி தள்ளினால் பழத்தின் சுவை மாறுகிறது என்பது இவ்வூரார் பல நூற்றாண்டுகளாகக் கண்ட உண்மை. பர்கண்டி எனப்படும் இவ்வட்டாரத்தில் இப்படி 1,200க்கும் மேற்பட்ட துண்டு நிலங்களைப் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

முதலில் இறங்கிய ஊர் ஜெவ்ரே-ஷாம்பெர்த்தான். ஜெவ்ரே என்பதே பழைய பெயர். ஷாம்பெர்த்தான் அவ்வூரின் புகழ்பெற்ற திராட்சை வயல். 1847இல் ஊர் தன் பெயரோடு வயலின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. நம்மவர் தம் பெயருக்கு முன்னால் ஊரின் பெயரை வைத்துக்கொள்வார்கள். இங்கே ஊரே தன் பெயருக்குப் பின்னால் வயலின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது!

ஊருக்குள் ஒரு நிலவறையில் சுவை பார்க்க அழைத்தார்கள். நான் அருந்தினேனா என்று கேட்பீர்கள். இம்மலர் என் தந்தையாரின் கைக்கும் போகும் என்பதை மனத்தில் வைத்து உண்மையையே எழுதுகிறேன்: ஒரே ஒரு மிடறு. அதையும், சுவை பார்ப்பவர்கள் செய்வது போல, அதற்கென்று வைத்திருந்த பாத்திரத்தில் துப்பிவிட்டேன். புளிப்பு, துவர்ப்பு, கடைசியில் ஈர மண்ணின் மணம். முன்னாள் செயலாளர் அந்த நிலவறையிலும் சொற்பொழிவை விடவில்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதாக நக்கீரர் புறநானூற்றில் பாடியதையும், அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்ததையும், ஊற்றிக் கொடுத்தவரிடம் பிரெஞ்சு மொழியில் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புட்டி ஏதேனும் வாங்குகிறீர்களா என்று வினவினார்.

அடுத்தது வூஜோ. அங்கே துறவிகள் எழுப்பிய மதிலுக்குள் ஏறத்தாழ 50 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் ஒரே பரப்பாக விரிந்து கிடக்கிறது. பார்வைக்கு ஒன்று, உரிமையாளர்கள் சுமார் 80 பேர்! மேட்டுப் பகுதியில் நீர் எளிதில் வடிகிறது. சாலையோரத்துத் தாழ்ந்த பகுதியில் தேங்குகிறது. ஆகவே ஒரே மதிலுக்குள்ளும் மேலோர் கீழோர் உண்டு.

மதிலுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் முதியவர் ஒருவர் புதிதாக நட்ட கொடிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கத்து வயலில் முதிர்ந்த கொடிகளில் காய்கள் பச்சைப் பட்டாணி போல இறுகிக் கிடந்தன. பூத்ததிலிருந்து ஏறக்குறைய நூறு நாள் கழித்துத்தான் அறுவடை என்றார். "இந்தப் புதுக் கொடிகள்?" என்று கேட்கச் சொன்னேன். அவர் கேட்டு மொழிபெயர்த்தார்:

"மது செய்யத் தகுந்த பழம் வர மூன்றாம் ஆண்டு ஆகுமாம்."

ஆராய்ச்சிக்காக அவர் இன்னும் லியோனில் இருக்க வேண்டியதும் மூன்று ஆண்டுகள். இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று தோன்றியது. சோற்றுப் பாத்திரத்தை ஒதுக்கிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தார். "எப்போது வந்தது?"

"18 நாள் ஆயிற்று."

"18 நாளும் என்னோடு தொலைபேசியில் பேசினாயே!"

"பேசினேன். இதைப் பேசவில்லை."

வூஜோ நிலையத்திலிருந்து நுயி-சான்-ஜோர்ஜ் வரை ஒரு சொல்லும் இல்லை. நல்லவேளையாக மிகக் குறைந்த தூரம். நுயி நகரத்தின் பெயர் நிலவிலும் இருக்கிறது. ஜூல் வெர்ன் எழுதிய கதையில் நிலவுக்குச் செல்வோர் இவ்வூர் மதுவை அருந்துகிறார்கள். அதை நினைத்து, 1971இல் அப்பல்லோ 15இல் சென்றவர்கள் அங்குள்ள பள்ளம் ஒன்றுக்கு சான்-ஜோர்ஜ் எனப் பெயரிட்டார்கள். இதை அவரிடம் சொல்ல வேண்டுமென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அன்று சொல்லவில்லை.

நுயி வீதிகளில் நடக்கையில்தான் வாதம் வெடித்தது. அவர் படித்தவர் அல்லவா? என் துறையிலிருந்தே ஆயுதம் எடுத்தார். "உங்கள் பாஸ்டரைப் பார். 1849இல் திருமணம் செய்துகொண்டார். மாரி அம்மையார் கணவரின் ஆராய்ச்சிக்கு எவ்வளவு உதவினார்! நீயும் லியோனுக்கு வந்து ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் சேரலாமே?"

"மாரி அம்மையார் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதிய தாளில் பெயர் யாருடையது?" என்றேன். "ஏதாவது ஓர் ஆய்வுக்கூடம் எனக்கு வேண்டாம். இந்த இடத்துக்காக ஓர் ஆண்டு படித்தேன்."

"அப்படியானால் என்னோடு இருக்க உனக்கு விருப்பமில்லை."

வீதியில் நின்று தமிழில் சண்டையிடுவதில் ஒரு வசதி உண்டு, ஒருவருக்கும் புரியாது. ஒரு தொல்லையும் உண்டு, நேரம் தெரியாது. நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது வண்டியின் முதுகைத்தான் கண்டோம். அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

பெஞ்சின் இரு கோடிகளில் உட்கார்ந்தோம். நடுவில் பை. டில்லிப் பிள்ளைகளுக்கு இரயில் என்றாலே ஆண்டு விடுமுறையில் இரண்டு இரவுகள் சென்னைக்குப் போவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பயணங்களில் அம்மா அப்பாவோடு கோபித்துக்கொண்டாலும் நாகபுரி வருவதற்குள் பேசியாக வேண்டும். ஏனெனில் சோற்று மூட்டை அம்மாவிடம் இருக்கும். நானும் மூட்டையைப் பிரித்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

நீளமான சரக்கு வண்டி ஒன்று நில்லாமல் கடந்தது. அதன் ஓசை அடங்கிய பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு மூன்று ஆண்டு என்பது ஆராய்ச்சி. எனக்கு அது மூன்று குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசுவதற்கு ஆளில்லை. தை வரும், நீ வருவாய் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் படிப்பு, என் இடம், என் பெயர் என்று 18 நாளும் நினைத்தேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமையை ஒரு நாளும் நினைக்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவரும், தையில் திருமணம் என்று முடிவு செய்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதை அப்போதுதான் உணர்ந்ததாகச் சொன்னார். அந்தப் பெஞ்சில்தான் நாங்கள் முதன்முதலாகப் பெரியவர்கள் போலப் பேசினோம். வண்டியைத் தவறவிடாமல் இருந்திருந்தால் போன் நகரம் வரை இருவரும் மௌனமாகவே போய்ச் சேர்ந்து, அங்கே முகம் கொடுக்காமல் பிரிந்திருப்போம்.

போன் நகரத்தில் பழைய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. வண்ண ஓடுகள் வேய்ந்த அதன் கூரை உலகப் புகழ் பெற்றது. பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோன் அம்மையாரும் 1443இல் ஏழை நோயாளிகளுக்காக நிறுவியது. அறத்துக்காகப் பலர் எழுதிவைத்த திராட்சை நிலங்களின் மது 1859 முதல் நவம்பர் தோறும் ஏலம் விடப்படுகிறது. தரையில் பதித்த ஓடுகளில் கணவன் மனைவி இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிக் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு விண்மீனும், "ஒருத்தியே" என்னும் பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லும். நீயே என் ஒரே விண்மீன் என்று மனைவிக்குச் சொல்கிறாராம்.

"பார்த்தாயா, காதல் என்றால் இது!" என்றார் அவர்.

"கிகோன் அவருக்கு மூன்றாவது மனைவி" என்றேன்.

காலையிலிருந்து முதன்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றொன்றையும் சொன்னேன். 1462இல் ரோலான் இறந்த பின் கிகோன் அம்மையார் வீட்டோடு முடங்கிவிடவில்லை. இந்த மருத்துவமனையே தம் பணி என்று கொண்டு, 1470இல் இறந்து, இங்கேயே அடக்கமானார். அவர் சிறிது நேரம் அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உன் தந்தையாருக்கு நானே எழுதுகிறேன். நீ எழுதினால் உன் பிடிவாதம் என்பார்கள், நான் எழுதினால் இருவர் பிடிவாதம் என்பார்கள்" என்றார்.

மாலையில் என் வண்டி முதலில் வந்தது. அவர் எதிர் மேடையில் நின்றார். 37 கிலோமீட்டரும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பகலெல்லாம் நடந்த சரிவில் மாலை நிழல் படிந்திருந்தது. எந்த ஊர் எது என்று பார்ப்பதற்குள் ஒவ்வொன்றும் பின்னால் போயிற்று.

அதன் பிறகு நடந்தவை கதைகளில் வருவதுபோல் இனிமையாக இல்லை. என் தாயார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவருடைய தாயார் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மூன்று ஆண்டு என்பது சொல்வதற்கு எளிது. இதோ முதல் குளிர்காலம் முடிந்திருக்கிறது, சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் இருவருக்கும் பேச்சே எழவில்லை. என்றாலும், செய்தது தவறென்று இருவரும் ஒரு நாளும் சொல்லவில்லை.

வரும் பொங்கலுக்கு அவர் பத்து நாள் விடுமுறையில் டில்லி வருகிறார். சங்கத்து விழாவில் சர்க்கரைப் பொங்கல் பொறுப்பை அவரிடமே விடுவதாகச் செயற்குழு தீர்மானித்திருப்பதாக அறிகிறேன். வெல்லம் நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் அன்றைக்குச் சண்டையிடப் போவதில்லை.