வேலியும் குரைப்பும்

குரைக்கும் நாயின் வாயை அடைத்த கதைகளுள் எமக்கு மிகப் பழக்கமானது மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வருவது. காட்டிலே தனித்து வில்வித்தை பயின்றுகொண்டிருந்த ஏகலைவனைக் கண்டு, பாண்டவரோடு வந்த வேட்டைநாய் ஓயாது குரைத்தது. அவன் ஏழு அம்புகளை ஒருசேர எய்து அதன் வாயை அடைத்தான். அந்தக் கோலத்தோடே நாய் பாண்டவரிடம் திரும்பியது. அவர்கள் எய்தவனின் கைத்திறனை வியந்தனர். அருச்சுனன் குருவிடம் முறையிட்டான். ஈற்றில் ஏகலைவன் தன் கட்டைவிரலை இழந்தான். நாய் ஏன் குரைத்தது என்று மட்டும் எவரும் கேட்டிலர். பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதைக் கதையும் சொல்வதில்லை.

உடப்பு, பாரதக் கதை ஏட்டில் மட்டும் வாழும் ஊரன்று. திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவும் தீமிதிப்பும் அதனை ஆண்டுதோறும் எம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பாண்டவரைத் தம் உறவினரைப் போலப் பேசும் முதியோர் இங்கு உளர். ஆயினும் நாயின் வாயை அடைக்கும் விடயத்தில் நாம் ஏகலைவனைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. கல், தடி, சங்கிலி. இம்மூன்றுக்கும் அடங்காவிடிற் சாக்கு. சாக்கு என்பது நாயைக் கட்டிக் கொண்டுபோய், திரும்பி வர முடியாத தொலைவில், ஏதேனும் ஒரு தென்னந்தோட்டத்து ஓரத்தில் விட்டுவருவது.

எமது நாய் மணிக்கும் அந்தச் சாக்கு ஏறக்குறைய ஆயத்தமாகிவிட்டது. சிலாபத்துக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் முந்தற் களப்பும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்திற் கிடப்பது இவ்வூர். வீடுகள் தோளோடு தோள் உரச நிற்பவை. இடையிலே கிடுகு வேலி. மணி எவ்விதச் சாதிப்பெருமையும் இல்லாத ஊர்நாய். மனிதரைக் கண்டால் வாலை ஆட்டும். ஆட்டைக் கண்டால் வழிவிடும். அயல்வீட்டு நாய்கள் இரண்டில் ஒன்று முற்றத்தில் தலைகாட்டினாற் போதும், வேலியோடு ஓடி ஓடிக் குரைக்கும். அவையும் விடுவதில்லை. யார் தொடங்கியது என்ற வழக்கில் அயலார் அனைவரும் மணிக்கு எதிராகவே சாட்சி சொன்னார்கள்.

வேலிக்கு அப்பால் இருப்பவர் இரவிற் கடலுக்குப் போய்க் காலையிற் கரையேறுபவர். ஊர் விழித்திருக்கும் வேளையே அவர் உறங்கும் வேளை. உறக்கங்கெட்ட கண்ணோடு மீண்டும் இரவிற் கடலிற் போவது விளையாட்டன்று என்பதைக் கடற்கரையிற் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் நண்பகலில் அவர் வேலியருகே வந்து நின்றார். “தம்பி, இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நானே எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுர்றேன்” என்றார். அவருடைய குரலிற் கோபம் இல்லை, களைப்பே இருந்தது. “ஒரு மாசம் பொறுங்க அண்ணே” என்றேன்.

கொண்டுபோய் விடுவது கொலையன்று என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் நீர்வெறுப்பு நோயால் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளமைக்கு, கடியுண்டோருக்கான சிகிச்சையோடு நாய்களுக்கு ஆண்டுதோறும் ஏற்றப்படும் தடுப்பூசியும் காரணமாகும். ஊசிக்கு நாயைப் பிடித்துக் கொடுக்க ஒரு வீடு வேண்டும். சாக்கிற் சென்று இறங்கிய நாயை அடுத்த ஆண்டு பிடித்துக் கொடுப்பவர் யார்? 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. சாக்குக்கு அது தடையாகவில்லை.

எனவே ஏகலைவன் கதையில் எவரும் கேளாத கேள்வியையே முதலிற் கேட்கவேண்டியதாயிற்று. அதற்கான விடையின் பாதி கடற்கரையிற் கிடைத்தது. கரைவலை இழுக்கும் காலை வேளையில் அங்கு செல்வோர் இதனைக் காணலாம். இரு புறமும் கயிற்றைப் பிடித்த வரிசைகள் பின்னோக்கி நடக்க, வலையின் மடி மெல்லக் கரையை அணுகும்போது, காகங்களோடு ஊர் நாய்களும் வந்து கூடும். மணியும் வரும், அயல்வீட்டு நாய்களும் வரும். மூன்றும் சில முழ இடைவெளியில் மணலில் உட்கார்ந்திருக்கும். ஒன்று எழுந்து நேரே செல்லாமல் வளைந்து சென்று மற்றொன்றை மணந்து பார்க்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். தன் வழியே போகும். கழித்தெறியும் மீனுக்காக ஓர் உறுமல் எழுந்தால் அத்துடன் அது முடிந்துவிடும். அதே மூன்று நாய்களும் அரைமணி நேரத்தின் பின் வேலியின் இரு புறமும் நின்று, ஒன்றன் குருதியை மற்றொன்று குடிக்க வந்தவை போல ஆர்ப்பரிக்கும்.

இதைக் கண்ட பின்னர், பகை நாய்களிடம் இருக்கிறது என்று கொள்வதற்கு என் மனம் இடந்தரவில்லை. நாய்க்கு நாய் செய்யும் மரியாதைகள் யாவும் உடலாற் செய்யப்படுபவை. வளைந்து வருதலும், விலகி நிற்றலும், பக்கம் திரும்புதலுமே அவற்றின் வணக்கமும் நலம் விசாரிப்பும் ஆகும். வேலி இவற்றை எல்லாம் பறித்துவிடுகிறது. கிடுகின் கிழிசலூடாகத் தெரிவது ஒரு கண்ணும் ஒரு மூக்கும் மட்டுமே. நெருங்கவும் முடியாது, பின்னாலே வீடு இருப்பதால் விலகவும் மனம் வராது. சங்கிலியிற் கட்டிய நாய்க்கும் இதே கதிதான். கட்டப்பட்ட நாய் மூர்க்கங் கொள்வதற்குக் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

மறு பாதி விடை கணக்குச் சார்ந்தது. அயல்வீட்டு நாய் வருகிறது, மணி குரைக்கிறது, வந்த நாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. அது எப்படியும் போயிருக்கும். ஆனால் மணியின் கணக்கில், குரைத்தமையால் அது போயிற்று. ஒரு நாளில் இருபது முறை குரைத்தால் இருபது வெற்றி. இவ்வளவு வெற்றி தரும் தொழிலை யார்தான் கைவிடுவர்? இடையில் வீட்டார் எழுந்து வந்து உரத்த குரலில் அதட்டுகிறார்கள். நாயின் காதுக்கு அதட்டலும் ஒருவகைக் குரைப்பே; எசமானரும் துணைக்கு வந்துவிட்டார் என்று அது மகிழக்கூடும். அடித்தாலோ நிலைமை இன்னும் கெடும். அயல்நாய் தோன்றும்போதெல்லாம் முதுகில் அடி விழுகிறது என்றால், அயல்நாய் தீமையின் தூதுவன் என்ற எண்ணம் உறுதிப்படுமேயன்றித் தளராது.

குரைப்பதே நாயின் பிறவிக்குணம், அதனை மாற்ற முனைவது வீண் என்பாரும் உளர். நாயின் மூதாதையாகிய ஓநாய் வளர்ந்த பின்னர் அரிதாகவே குரைக்கிறது. 1959ஆம் ஆண்டிற் சைபீரியாவில் டிமித்ரி பெலியாயெவ் என்ற அறிஞர் வெள்ளிநிற நரிகளுள் மனிதரிடம் சாதுவாக நடப்பவற்றை மட்டும் தெரிந்தெடுத்து இனம்பெருக்கத் தொடங்கினார். தலைமுறைகள் சில கடந்ததும் அந்நரிகள் வாலாட்டின, முனகின, நாயைப்போலக் குரைக்கவும் செய்தன. குரைப்பு, மனிதரை அண்டி வாழ்ந்ததனோடு சேர்ந்து வளர்ந்த ஒரு பேச்சு என்று கருதுவதற்கு இதில் இடமுண்டு. அவ்வாறாயின் நம்மோடு பேசுவதற்கு வந்ததை நம்மால் ஓரளவு நெறிப்படுத்தவும் இயலவேண்டும்.

நாய் என்றதும் கற்றோர் பவ்லோவை நினைப்பர். எனக்கு வழிகாட்டியது நாயைப் பற்றியதே அல்லாத வேறொரு பரிசோதனை. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். மூன்று வயதும் நிரம்பாத அக்குழந்தை விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கையில், கூண்டிலிட்ட முயலை அறையின் தொலைவான இடத்தில் வைத்தனர். குழந்தை கலங்காத அளவுக்கு, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தனர். ஈற்றிற் பீற்றர் முயலைத் தடவி விளையாடினான். அவனை எவரும் அதட்டவில்லை. அஞ்சாதே என்று உபதேசிக்கவுமில்லை. முயலின் வருகை எதனை அறிவிக்கிறது என்பதையே மாற்றினார்கள்.

பீற்றருக்கு முயல், மணிக்கு அயல்வீட்டு நாய். ஆதலால் அயல்வீட்டாரின் உதவி இல்லாமல் எதுவும் நடவாது. “உங்க பெரிய நாயைக் கொஞ்சம் இரவல் தாங்க அண்ணே” என்று கேட்டபோது அவர் முதலிற் சிரித்தார். பின்னர் பள்ளியிற் படிக்கும் தம் மகனை அனுப்பினார்.

முதலிற் பழைய வெற்றிகள் தொடராதிருக்கச் சங்கிலியை அவிழ்த்து, வேலியின் கீழ்ப்பாதிக்கு இன்னொரு வரிசை கிடுகு கட்டினோம். பின்னர் மாலைதோறும் கடற்கரைக்குப் போனோம். நாய்கள் தாமாகக் கூடும் காலை வேளை போலன்றி, இப்போது இரண்டும் கயிற்றில் நின்றன. கயிறும் ஒருவகை வேலியே. ஆகவே தூரம் வேண்டியிருந்தது. அவித்து முள் நீக்கிய சூடைமீன் என் கையில். கருவாடு வேண்டாம், உப்பு நாய்க்கு ஆகாது. சிறுவன் நாற்பது மீற்றருக்கு அப்பால் ஒரு படகின் மறைவிலிருந்து தன் நாயோடு வெளிப்படுவான். மணி அதனைக் கண்ட கணத்திலே ஒரு துண்டு மீன். கண்ணிற் படும் வரைக்கும் மீண்டும் மீண்டும் மீன். படகின் பின்னே நாய் மறைந்ததும் மீனும் நின்றுவிடும். இந்த வரிசை பிறழக்கூடாது. மீனைக் காட்டிய பின் நாய் வந்தால், மீனே ஆபத்தின் அறிகுறியாகிவிடும். காது விறைத்து, மீனை மணந்தும் பாராமல் நின்றால் தூரம் போதாது என்று பொருள். பேசாமற் பின்னுக்கு நடக்கவேண்டியதுதான்.

வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல வேடிக்கையாயிற்று. “குரைக்கிற நாய்க்குச் சூடை மீனா? இனி இன்னும் நல்லாக் குரைக்கும்” என்றார் ஒருவர். இது அறியாமையால் எழுந்த கேள்வியன்று. நானும் அதனைப் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மீன், மௌனத்துக்குத் தரும் கூலியன்று. ஒருமுறை குரைத்தாலும் மீன் உண்டு. அது மணியின் நடத்தைக்காகத் தரப்படுவதில்லை. அயல்நாயின் வருகையோடு வருவது. மழை மேகத்தோடு வருவது போல. நாய் எதற்காகக் குரைக்கிறதோ அந்தக் கலக்கம் கரைந்துவிட்டால், குரைப்பதற்கு வேலையில்லை. கலக்கம் இருக்க வாயை மட்டும் கட்டினால் அது வேறு வழியால் வெளிவரும்; அந்த வழி பெரும்பாலும் பல்லாக இருக்கும். அவருக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. “பாப்போம்” என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தாம் நாளில் எனக்கு மகிழ்ச்சி தந்த ஒரு சிறு காரியம் நடந்தது. நாய் வெளிப்பட்டது, மணி அதைப் பார்த்தது, உடனே தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. “பாத்திச்சு, பாத்திச்சு!” என்று சிறுவன் அப்பாலிருந்து கூவினான். அதன் பின்னர் முப்பது மீற்றர், இருபது மீற்றர் என்று குறைத்தோம். இடையில் ஒருநாள் வாடிப் பக்கத்திலிருந்து அறியாத நாயொன்று பாய்ந்து வந்து எல்லாவற்றையும் குலைத்தது. மீண்டும் நாற்பதிலிருந்து தொடங்கினோம். மூன்றாம் வாரத்திலேயே வேலியடிக்கு வந்தோம். புதுக் கிடுகை ஒவ்வொன்றாக நீக்கினோம்.

மணி ஊமையாகிவிடவில்லை. அயல்நாயைக் கண்டால் இரண்டு குரைப்பு, சில வேளை மூன்று. பின்னர் வீட்டுப் பக்கம் திரும்பி ஓடி வருகிறது. பகலுறக்கம் பெருமளவு தப்பிவிட்டது. அறியாத நாய்களிடம் பழைய மூர்க்கம் இன்னும் உண்டு. இரவில் அது இரட்டிப்பாகும். தவணை முடிந்த பின் அயல்வீட்டாரிடம் இதனைச் சொல்லி, இரவுக் குரைப்பையும் குறைக்கப் பார்க்கலாம் என்றேன். அவர் அவசரமாகக் கையமர்த்தினார். “முழுசா வாயைக் கட்டிப்புடாதீங்க தம்பி. படகு இஞ்சின் முத்தத்துலதான கிடக்கு.”

எதிர்பாராத செலவொன்றும் சேர்ந்துள்ளது. மணி தலையைத் திருப்பி என்னைப் பார்க்கும் வேளையில், வேலியின் கிழிசலூடாக அயல்வீட்டு நாய்கள் இரண்டும் என்னையே பார்க்கின்றன. மூன்று நாய்களுக்கு மீன் அவிக்கவேண்டியிருக்கிறது. இப்போது சூடை மலிவு. சோளகம் எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் என்ன செய்வது என்பதைச் சிறுவனும் நானும் இன்னும் தீர்மானிக்கவில்லை.