கம்பளி நூலும் கரிசல் கையும்

விருதுநகர்ச் சீமையில் இருந்துகொண்டு கம்பளி நூலுக்குச் சாயம் தோய்ப்பதைப் பற்றி எழுதப் புகுந்தால், வாசகர்களில் பாதிப் பேராவது நமக்கு வெயில் தலைக்கேறிவிட்டதென்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. சித்திரை மாதத்தில் மேல்துண்டே பெரும் பாரமாகத் தோன்றும் பூமி இது. ஈரமற்ற இந்தக் காற்றை நம்பித்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. 1922-ம் வருஷத்தில் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுவந்தார்கள். அந்த வித்தைக்கு நமது வறண்ட வானமே பெரிய முதலாக அமைந்தது. இப்படிப்பட்ட ஊரில் கம்பளிக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. இவ்வூரில் பிறந்தவர்கள் எல்லோரும் இவ்வூரிலேயே இருந்துவிடுவதில்லை. பட்டாளத்தில் சேர்ந்து இமயமலைப் பக்கம் காவல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. வியாபார நிமித்தம் வடக்கே போய்க் கார்த்திகைக் குளிரில் நடுங்குகிறவர்கள் உண்டு. மலை நாட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்களும் உண்டு. நமது எதிர்வீட்டு ஆச்சியின் பேத்தி குன்னூரில் குடித்தனம் செய்கிறாள். ஐப்பசியில் பிரசவத்துக்கு வருகிறவள், தை பிறந்ததும் கைக்குழந்தையுடன் மலைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒரு போர்வை பின்னுவதற்காக, மலையில் கைராட்டையில் நூற்ற வெள்ளைக் கம்பளி நூல் 400 கிராம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். நீலகிரி ஆட்டின் ரோமம். கோயமுத்தூர் ஆட்டுடன் மெரினோ முதலிய சீமை ஆடுகளைக் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டான ஜாதி அது. இப்போது மிகச் சொற்பமாகவே மிஞ்சியிருக்கிறது. உதகைக்கு அருகில் சாந்திநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆகவே இந்த 400 கிராம் கெட்டுப்போனால், கடைக்கு ஓடி இன்னொரு 400 கிராம் வாங்கிவிட முடியாது.

குழந்தைக்கு வெள்ளைப் போர்வை வேண்டாம், மங்களகரமாக மஞ்சள் வேண்டும் என்பது ஆச்சியின் தீர்மானம். அதை மறுத்துப் பேசும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆச்சி சாயத்துக்குப் புதியவர் அல்லர். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். பருத்தி நூலைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைப்பதும், கல்லில் அடித்து அலசுவதும், கம்பில் மாட்டி முறுக்கிப் பிழிவதும், உதறி உதறி வெயிலில் காயப் போடுவதும் அவர் கைக்குத் தாமாகவே வரும். சுங்குடிக்குப் பேர்போன மதுரை பக்கத்தில் இருக்க, பருத்திச் சாயத்தைப் பற்றி நமது பக்கத்தாருக்குப் பாடம் சொல்ல யாரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஆனால் இந்தக் கைப்பழக்கமே கம்பளிக்கு எமன்.

கம்பளிச் சாயம் நமது வீடுகளுக்குத் தெரியாமற் போனதற்கு நியாயமான காரணம் உண்டு. கரிசல் காட்டில் மேயும் வெம்பூர் ஆட்டுக்கு, பொட்டு ஆடு என்கிறோமே அதற்கு, உடம்பில் மயிர் உண்டே தவிரக் கம்பளி கிடையாது. திருச்சிப் பக்கத்துக் கறுப்பாட்டின் ரோமத்தில் நெய்த கம்பளிகள் சந்தைக்கு வந்ததுண்டு. அவற்றுக்கோ ஆடு கொடுத்த நிறமே நிறம். சாயம் ஏற்ற வேண்டிய அவசியமே எழவில்லை. ஆகையால் சாயத் தொட்டி என்றாலே பருத்தி ஒன்றுதான் நம்மவர் நினைவுக்கு வருகிறது.

பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள் இதற்கு முன் செய்து பார்த்திருந்தார். சோடா, கொதி, கல், முறுக்கு எல்லாம் முறைப்படி நடந்தன. சாயம் என்னவோ அழகாகத்தான் பிடித்திருந்தது. நூல்தான் காணோம். அதன் இடத்தில் சணல் கயிறு போன்ற ஒரு வஸ்து கிடந்தது. பிரித்தால் பிரியவில்லை, இழுத்தால் நீளவில்லை. இதற்குச் சிக்குப் பிடித்தல் என்று பெயர் சொன்னால் போதாது. தலைமயிர்ச் சிக்கையாவது எண்ணெய் தடவிப் பொறுமையாக எடுக்கலாம். கம்பளி இப்படி ஒருமுறை இறுகிவிட்டால் பிரம்மதேவன் வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

இது ஏன் நேருகிறது? பருத்தி இழை செடியின் நார்; கம்பளி ஒரு பிராணியின் மயிர். மயிரின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரையின் ஓடுகளைப்போல, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திக்கில் படிந்திருக்கின்றன. சிறு பிராயத்தில் புல்லின் கதிரைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு கையை ஆட்டியவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். கையை எப்படி ஆட்டினாலும் கதிர் மேலே மேலே ஏறுமே தவிரக் கீழே இறங்காது. கம்பளி இழைகளும் அப்படித்தான். நனைந்து, சூடேறி, சோப்பின் வழுவழுப்பும் சேர்ந்த சமயத்தில் அவற்றைக் கசக்கினால், ஒவ்வோர் இழையும் ஒரே திக்கில் நகர்ந்து மற்ற இழைகளுக்குள் நுழைந்துகொள்கிறது. வந்த வழியே திரும்புவதற்குச் செதில்கள் இடம் கொடுப்பதில்லை. மெல்லிய ரோமமாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்க வேண்டும். "கம்பளியைச் சுடவைத்தால் கெட்டுவிடும்" என்று பலர் பயந்து, வெதுவெதுப்பான ஜலத்தில் சாயம் போடப் பார்க்கிறார்கள். சாயம் பிடிப்பதில்லை. உண்மையில் உஷ்ணம் மட்டும் கம்பளியை இறுக்குவதில்லை. அசையாமல் கிடந்தால், கை பொறுக்காத சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் நேராது. குற்றவாளி நெருப்பு அல்ல, கைதான். தளதளவென்று கொதிக்கும் ஜலமும் நூலைப் புரட்டிப் புரட்டி அடிப்பதால் அதுவும் ஒரு கைதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சோடாவின் கதை வேறு. பருத்திக்குக் காரம் உறவு; கம்பளிக்குப் பகை. காரச் சோடாவை நூற்றுக்கு ஐந்து பங்கு கரைத்துக் கொதிக்க வைத்து அதில் கம்பளியைப் போட்டால், சில நிமிஷங்களில் அது கரைந்தே போய்விடும். சலவைச் சோடா அவ்வளவு கொடியதல்லவென்றாலும் அதே வம்சம்தான். கம்பளிக்கு உகந்தது லேசான புளிப்பு. அழுக்கு நீக்கப் பூந்திக்கொட்டை ஊறிய ஜலம் போதும். வடநாட்டில் உயர்ந்த சால்வைகளையும் அதில்தான் அலசுகிறார்கள். நமது பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் ஜலம் என்பதால், சாயத்துக்கு மழை ஜலத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

இவ்வளவையும் ஆச்சியிடம் சொன்னோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அடிக்காமல் கசக்காமல் எந்த நூல் தம்பி சாயம் குடிக்கும்?" என்றார். விவாதத்தினால் இது தீராதென்று கண்டு, பத்துக் கிராம் நூலை மட்டும் முதலில் செய்து பார்ப்பதென்று சமாதானம் ஏற்பட்டது. அதன் நீளத்தை ஆச்சியே முழம் போட்டு அளந்து வைத்துக்கொண்டார்.

நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடங்களில் பருத்தி நூலால் தளர்த்தியாகக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் கட்டின இடத்தில் சாயம் ஏறாது. சுங்குடிக்கு அது அழகு, போர்வைக்கு அல்ல. பிறகு வெதுவெதுப்பான ஜலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தோம். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டி மஞ்சளை மங்கலாக்கிவிடும். நூல் தாராளமாக மிதக்கும்படி பாத்திரம் பெரிதாயிருக்க வேண்டும். சாயம் ஒட்டுவதற்குப் படிகாரம், நூறு கிராம் நூலுக்குப் பத்துக் கிராம் கணக்கு. அதற்கு மேல் போனால் நூல் பிசுபிசுக்கும். மேல்நாட்டார் இத்துடன் திராட்சை மதுப் பீப்பாயில் படியும் ஒரு புளிப்பு உப்பைச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள அமிலமே நமது புளியிலும் இருப்பதால், கொஞ்சம் புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றினோம். வெளிறிய நிறங்களுக்கு இது ஆகாது, புளியின் பழுப்பு தெரியும், மஞ்சளுக்குப் பாதகமில்லை.

அடுப்பைத் தணித்து, முக்கால் மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றினோம். ஆவி பறக்கலாம், குமிழி வரக் கூடாது. 85 டிகிரி சென்டிகிரேட் என்பது கணக்கு. பிறகு ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். சாயம் ஒரே சீராகப் பிடிக்க இரண்டொரு முறை கம்பால் சிட்டத்தை மெதுவாகத் தூக்கித் திருப்பி வைக்கலாம். அதற்குமேல் அசைத்தால் நிறம் இன்னும் சீராக வரும், நூல் போய்விடும். ஏதாவது ஒன்றைத்தான் ஆசைப்பட வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் ஆச்சி கைகளை மடியில் வைத்துக்கொண்டு பட்ட அவஸ்தை சொல்லி முடியாது. "இது சாயம் போடுகிற வேலையா, பிள்ளை தூங்குகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வேலையா, தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அடுப்பை அணைத்தபின் உடனே எடுத்துக் குளிர்ந்த ஜலத்தில் போடுவது கூடாது. பாத்திரத்திலேயே இரவு முழுவதும் ஆறட்டும். மறுநாள் ஆவாரம்பூச் சாயம். நூலின் எடைக்குச் சமமாக உலர்ந்த பூவை எடுத்துக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, ஆறின பிறகே அதில் நூலை இறக்கிப் பழையபடி சூடேற்றினோம். ஆவாரம்பூ நமது பொட்டலில் காசில்லாமல் கிடைக்கிறது. விரலி மஞ்சள் இதைவிடப் பளிச்சென்று பிடிக்கும். ஆனால் நமது வெயில் அதைச் சில நாட்களில் தின்றுவிடும். வெங்காயத் தோல் பொன் நிறம் கொடுக்கும். கடையில் விற்கும் அமிலச் சாயங்களுக்குப் படிகாரம் வேண்டாம், காடி போதும். நிறமெல்லாம் நூலில் ஏறி ஜலம் தெளிந்துவிடுவதைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. அந்தப் பொடியை மூச்சில் இழுக்காமலும், அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டும் செய்ய வேண்டும்.

இவ்வூராருக்கென்று விசேஷமாக ஓர் எச்சரிக்கை. பழைய மேல்நாட்டுப் புஸ்தகங்களில் கம்பளிக்குச் சாயம் நிற்கப் பொட்டாசியம் டைக்குரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைச் சொல்லியிருக்கும். தீக்குச்சி மருந்திலும் அது சேருவதால், சிவகாசி வட்டாரத்தில் "கொஞ்சம் வாங்கிப் பார்ப்போமே" என்ற ஆசை சுலபமாக எழும். புற்றுநோய் உண்டாக்கும் விஷம் அது. சமையற்கட்டின் வாசற்படியைத் தாண்டி அது வரக் கூடாது.

தீக்குச்சியினால் கம்பளிக்கு ஆகும் உபகாரம் வேறொன்று உண்டு. கடைகளில் "உல்லன் நூல்" என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதில் இந்தச் சாயம் எதுவும் ஏறாது. ஒரு விரற்கடை நூலைக் கத்தரித்துக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். கம்பளியானால் மயிர் கருகும் நாற்றம் அடித்து, தானே அணைந்து, விரலில் பொடியும். அக்ரிலிக்கானால் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். இந்தச் சோதனையைப் பட்டாசுக் கிடங்குக்குத் தொலைவிலே செய்யும்படி சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறோம்.

மூன்றாம் நாள் நூலை எடுத்து, அதே சூடுள்ள ஜலத்தில் அமிழ்த்தி அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் கொடியில் போட்டோம். காய்ந்ததும் ஆச்சி முழம் போட்டார். மறுபடி போட்டார். நீளம் குறையவில்லை. ஓர் இழையைப் பிரித்து விரலில் சுற்றிப் பார்த்து, "பூப்போலத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மீதி 390 கிராமும் மறுவாரம் ஒரே பாத்திரத்தில் தோய்ந்து, இப்போது பாதிப் போர்வையாகிவிட்டது.

ஓரத்துக்கு ஒரு சிவப்புக் கரை வேண்டுமாம். அதற்கு மஞ்சணத்தி வேர்ப்பட்டை எடுக்க வேண்டும். கரிசல் இப்போது பாறையாக இறுகிக் கிடக்கிறது. ஒரு மழை பெய்து மண் இளகட்டும், வேர் தோண்ட ஆள் விடுகிறேன் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். இரண்டு சிட்டம் வெள்ளை நூல் அதற்காகப் பூந்திக்கொட்டை ஜலத்தில் அலசித் தயாராக இருக்கிறது.