தரைக்கு யார் ஓட்டு?

வீட்டுக்கு என்ன தரை போடலாம்? முதல்ல குட்டி சயின்ஸ். கொரியாவில் 'ஒண்டோல்'னு ஒரு முறை. அடுப்புப் புகையைக் கல் தரைக்கு அடியில் விட்டு, வீட்டையே சூடாக்குவாங்க. கல் சூட்டை நல்லா கடத்தும்; மரம் தடுக்கும்.

நம்ம திருவண்ணாமலையில் கதை தலைகீழ் பாஸ்! சூடு இறங்குறது மொட்டைமாடியிலிருந்து. கீழே அதே கல், நம்ம உடம்புச் சூட்டை உறிஞ்சி ஜில்லுன்னு இருக்கும்.

எங்க புது வீட்டுக்கு அப்பா பளபள விட்ரிஃபைடு டைல்ஸ் கேட்டார். நான் ஆத்தங்குடிக்குக் கொடி பிடிச்சேன். கண்ணாடி மேல கையால வார்க்கிற சிமென்ட் கல், சூளையே தேவையில்லை!

வெறுந்தரையில் படுக்கிற பாட்டிதான் தீர்ப்பு சொன்னாங்க. "ஈரக்காலோட நடந்தா வழுக்கக் கூடாதுடா. விழுந்துட்டா அப்புறம் ஏது கிரிவலம்?" 14 கிலோமீட்டர் நடக்கிற கால் ஆச்சே! பாலிஷ் போடாத கடப்பா கல் ஜெயிச்சது.

கேட்லாக் அப்புறம் பாருங்க. அந்தத் தரையில் நாள் முழுக்க இருக்கப்போறது யாருன்னு முதல்ல கேளுங்க.