பெயரில்லாத பிள்ளை

பயப்படுவதற்கென்று காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஜீவராசி இந்த உலகத்தில் மனித ஜாதி ஒன்றுதான். மானுக்குப் புலியிடம் பயம் உண்டு. ஆனால் புலி வருகிற நேரம் பார்த்து முன் வரிசையில் இடம் பிடித்து உட்காருகிற மானை யாரும் கண்டதில்லை. நாமோ விளக்கை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் இடைவெளி விட்டுப் பேயையும் பூதத்தையும் பார்க்கிறோம். படம் முடிந்த பிறகு கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடுகிறோம்.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த ருசி கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும். கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு. வில்லுப்பாட்டு என்றால் நடுநிசியில் நீலி கதை. குடமும் உடுக்கும் சேர்ந்து முழங்க, நீலி கள்ளிச் செடியிலிருந்து கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற கட்டத்தில், மடியில் தூங்குவதுபோல் பாவனை செய்கிற குழந்தைகள் எல்லாம் கண்ணை இறுக்கிக்கொள்ளும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களை ஒரு சினிமாப் படத்தால் பயமுறுத்துவது லேசான காரியமல்ல.

ஆனாலும் ஒரு பழைய படம் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் யூனிவர்சல் கம்பெனியார் 1931-ம் வருஷம் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்'தான் அது. டைரக்டர் ஜேம்ஸ் வேல். கறுப்பு வெள்ளைப் படம். ஓடுகிற நேரம் ஒன்றேகால் மணிக்கும் குறைவு. பாட்டுக் கிடையாது, பின்னணிச் சங்கீதம்கூட அநேகமாகக் கிடையாது. இந்தக் காலத்து வர்ணத்துக்கும் சத்தத்துக்கும் பழகிய கண்ணுக்கும் காதுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றி பிராங்கன்ஸ்டைன் என்ற வாலிப விஞ்ஞானி, இடுகாட்டிலும் தூக்கு மரத்திலும் கிடைத்த உடல்களைத் திருடி, துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்து, இடியும் மின்னலுமான ஓர் இரவில் மின்சாரத்தைப் பாய்ச்சி உயிர் கொடுக்கிறான். கை அசைகிறது. உயிர் வந்துவிட்டது என்று கூவிக் கூத்தாடுகிறான். சரி, அடுத்தபடியாக அதை என்ன செய்வது? அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த இடத்தில்தான் உண்மையில் கதை ஆரம்பமாகிறது.

பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்டாக்கியவனின் பெயர். உண்டாக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது. படத்தின் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்களைக் காட்டும்போது, பூதமாக நடித்தவரின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்தவர் போரிஸ் கார்லாஃப். 1887-ல் லண்டனில் பிறந்தவர். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அவருடைய தகப்பனார் நம் இந்தியாவில் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நமக்குச் சுவாரசியமான சங்கதி. ஜாக் பியர்ஸ் என்ற வேஷக் கலைஞர் தினம் ஏறக்குறைய நாலு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தட்டைத் தலையையும் கனத்த இமைகளையும் அவருக்கு அமைத்தாராம். கார்லாஃப் தம் பங்குக்கு வாயிலிருந்த கட்டுப் பல்லைக் கழற்றிவிட்டார். ஒரு பக்கக் கன்னம் குழி விழுந்துவிட்டது. அவருக்கு வசனம் ஒரு வார்த்தை கிடையாது. உறுமல்தான். ஆனால் அந்தக் கண்கள் இருக்கின்றனவே!

ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். இருட்டறையிலேயே வைத்திருந்த அந்த ஜீவன் மேலே கூரையைத் திறந்ததும் முதன்முதலாக வெளிச்சத்தைப் பார்க்கிறது. முகத்தை அண்ணாந்து, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. கைக்குழந்தை நிலாவைப் பிடிக்கப் பார்க்குமே, அதே மாதிரி. கூரையை மூடிவிடுகிறார்கள். அது கைகளை ஏந்திக்கொண்டு எஜமானனைப் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு வேலைக்காரன் தீவட்டியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே ஆட்டுகிறான். அது மிரண்டு அலறுகிறது. உடனே விலங்கு பூட்டி நிலவறையில் தள்ளிவிடுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இந்தப் படத்தை என் மகள் வீட்டில் போட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து உட்கார்ந்தாள். ஆச்சிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. பூதம் பேசாத படமானதால் அது ஒரு குறையாகப் படவில்லை. நிலவறைக் கட்டம் வந்ததும் ஆச்சி என் பக்கம் திரும்பினாள்.

"ஏ மக்களே, இதுக்க அப்பன் எங்கே போனான்?"

"அவனுக்குக் கலியாணம் ஆச்சி. மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறான்" என்றாள் என் மகள், சிரித்துக்கொண்டே.

ஆச்சி சிரிக்கவில்லை. "உண்டாக்கிப் போட்டுட்டு ஓடியாச்சு. வெளிச்சம்னா என்ன, தீன்னா என்னன்னு அதுக்கு ஆராவது சொல்லிக் குடுத்தாளா? பொறவு அடிச்சா, அது கடிக்கத்தான் செய்யும்" என்றாள்.

இதை ஆச்சி லேசில் சொல்லவில்லை. அவளுடைய பேத்தி பிளந்த உதட்டோடு பிறந்தவள். பிறந்த மூன்றாம் நாள் பார்க்க வந்த தகப்பன், தொட்டிலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன்தான். தாய்க்காரி அழுதே ஓய்ந்தாள். பால் குடிக்கத் தெரியாத அந்தச் சிசுவுக்குப் பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்து, மாறி மாறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவள் ஆச்சி. இன்று அந்தப் பெண் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறாள். பேச ஆரம்பித்தால் நம்மைப் பேசவிட மாட்டாள். எங்கள் தெருவே பூதத்தைப் பார்த்தாலும் ஆச்சி மட்டும் அதன் தகப்பனைத் தேடுவாள் என்பதில் என்ன ஆச்சரியம்?

ஆச்சி கேட்ட கேள்விதான் படத்தின் உயிர்நாடி என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இந்தக் கதையை முதலில் எழுதியவளும் அதைத்தான் கேட்டாள்.

ஆமாம், எழுதியவள் ஒரு பெண். மேரி ஷெல்லி. 1797-ல் அவளைப் பெற்ற சில நாட்களில் அவள் தாய் ஜன்னி கண்டு இறந்துபோனாள். 1815-ல் மேரிக்கே குறைமாசத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடிவிட்டது. அந்தக் குழந்தை கணப்பருகில் சூடு பெற்று உயிர் பிழைத்து வந்ததாகக் கனவு கண்டேன் என்று அவள் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வருஷம் ஜெனீவா ஏரிக்கரையில் சிநேகிதர்கள் கூடிப் பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் கட்டினார்கள். இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்துக் கக்கிய தூசியினால் ஐரோப்பாவில் கோடைகாலமே வராமல் மழை கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. மேரிக்கு அப்போது பதினெட்டு வயசு. 1818-ல் புஸ்தகம் வெளிவந்தபோது அதில் அவள் பெயரும் இல்லை! பிறப்பும் சாவும் ஒரே அறையில் நடப்பதைக் கண்ட பெண்தான், உயிரை உண்டாக்குவதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஓர் ஆண்பிள்ளையைப் பற்றி இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

'விஞ்ஞானத்தைக் கண்டு பயந்த காலம் அது. அதனால் படம் ஓடிற்று' என்று சிலர் சொல்வார்கள். பயந்த காலம் என்பதென்னவோ வாஸ்தவம். 1803-ல் லண்டனில் தூக்கிலிட்ட ஒரு கைதியின் உடலில் ஆல்டினி என்பவர் மின்சாரத்தைப் பாய்ச்ச, பிணத்தின் தாடை துடித்து ஒரு கண் திறந்ததாம். ஆனால் இன்று? 1967-ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்ட் ஒருவர் இதயத்தை மற்றொருவருக்கு வைத்துத் தைத்தார். நம் தமிழ்நாட்டில் 2008-லிருந்து, மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பிறருக்குப் பொருத்துவதற்கென்று அரசாங்கத் திட்டமே நடந்து வருகிறது. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஆஸ்பத்திரியில் மின்சாரம் கொடுத்துச் சீராக்குகிறார்கள். பிராங்கன்ஸ்டைன் திருட்டுத்தனமாகச் செய்ததை இன்று பலர் கையெழுத்துப் போட்டுத் தானமாகச் செய்கிறார்கள். நாம் கை எடுத்துக் கும்பிடுகிறோம். பயம் விஞ்ஞானத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் படம் எப்போதோ செத்திருக்க வேண்டும்.

சாகாமல் வைத்திருப்பது ஏரிக்கரைக் கட்டம் போன்றவைதான். தப்பி ஓடிவந்த பூதத்தைக் கண்டு மற்றவர்கள் நடுங்குகிறார்கள். மரியா என்ற சின்னஞ்சிறு பெண் மட்டும் பயப்படவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் தண்ணீரில் பூவை எறிந்து மிதப்பதைப் பார்க்கிறார்கள். பூதம் முதல் தடவையாகச் சிரிக்கிறது. பூ தீர்ந்துவிடுகிறது. இவளும் பூ மாதிரிதானே, மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது. அவள் மிதக்கவில்லை. அது தவித்துக்கொண்டு ஓடுகிறது.

இந்தக் கடைசிப் பகுதியைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள். பல வருஷங்கள் ஜனங்கள் பார்த்ததெல்லாம், பூதம் குழந்தையை நோக்கிக் கையை நீட்டுவதும், பிறகு தகப்பன் பிரேதத்தைச் சுமந்து வருவதும்தான். நடுவில் என்ன நடந்தது என்று அவரவர் மனசு போன போக்கில் நினைத்துக்கொண்டார்கள். 1980-களில்தான் வெட்டின துண்டைச் சேர்த்தார்கள். முழுசாகக் காட்டியபோது கொடூரம் குறைந்து பரிதாபம் கூடியது! யாரைப் பற்றியும் பாதிக் கதை கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கமுள்ள நமக்கு இது ஒரு பாடம்.

பாதிக் கதை என்றதும் எங்கள் நீலிதான் ஞாபகத்துக்கு வருகிறாள். காதலித்தவனே நகைக்கு ஆசைப்பட்டு, மடியில் தூங்கியவளைக் கொன்றான் என்பது கதை. பழி வாங்க அவள் திரும்பி வந்து அழுததை மட்டும் 'நீலிக் கண்ணீர்' என்று உலகம் பிடித்துக்கொண்டது. அவளைக் கொன்றவனைப் பற்றி ஒரு பழமொழியையும் காணோம்! ஆனால் எங்கள் ஜனங்கள் அதோடு விட்டுவிடவில்லை. பயந்தவர்களே அவளுக்குப் பெயர் வைத்தார்கள். இசக்கியம்மன் என்று இடம் கொடுத்தார்கள். கையில் ஒரு பிள்ளையையும் கொடுத்தார்கள். கொடைக்குக் கொடை அவள் கதையை ஆதியோடந்தமாகப் பாடி அவளுக்கு நேர்ந்த அநியாயத்தை ஒப்புக்கொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்களும் அவளிடம்தான் போகிறார்கள்.

பிராங்கன்ஸ்டைன் ஊர்க்காரர்களுக்கு இந்த யுக்தி தோன்றவில்லை. தீவட்டியோடு துரத்திக்கொண்டுபோய், ஒரு பழைய காற்றாலைக்குள் பூதத்தை மடக்கித் தீ வைக்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம் நினைவு வரும். அங்கே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் உண்டாக்குகின்றன. அவற்றின் நடுவே சாலை ஓரத்தில் இசக்கியம்மன் குங்குமமும் பூவுமாக அமர்ந்திருக்கிறாள்.

மூலப்படத்தின் வாரிசுகள் நம்மிடையேயும் உண்டு. 1989-ல் வேலு பிரபாகரன் 'நாளைய மனிதன்' என்று செத்தவனை எழுப்பிக் காட்டினார். 2010-ல் வந்த ஷங்கரின் 'எந்திரன்' உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அதிலும் உண்டாக்கியவரே ஆத்திரத்தில் சிட்டியை வெட்டிக் குப்பையில் எறிகிறார். அதற்குப் பிறகுதான் சிட்டி ராட்சசனாகிறது. கடைசியில் தன் கைகால்களைத் தானே கழற்றி வைக்கும்போது தியேட்டரில் எத்தனை பேர் மூக்கை உறிஞ்சினார்கள்! இன்றைக்கு யந்திரங்களுக்குப் பேசவும் எழுதவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறவர்கள் ஆச்சியின் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி மேஜைமேல் வைத்துக்கொண்டால் தேவலை.

கார்லாஃப் 1969-ல் காலமானார். அந்தப் பூதத்தின்மேல் இரக்கப்பட்டு எத்தனையோ குழந்தைகள் தமக்குக் கடிதம் எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் அலறிய படத்தில் குழந்தைகள் யார் பக்கம் நின்றார்கள், பாருங்கள்!

சமயம் கிடைத்தால் இந்தப் படத்தைப் பாருங்கள், சகோதரிகளே. விவரம் தெரிந்த வயசுப் பிள்ளைகளானால் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். பூதத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்தால் கவலைப்படாதீர்கள்; அது வயசுக் கோளாறு, போய்விடும். பூதத்துக்காகப் பிள்ளை அழுதால் வாரி அணைத்துக்கொள்ளுங்கள். நல்ல பிள்ளையைத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.