கட்டப்படாத பாதி: சுவோமென்லின்னா தீவுக்கோட்டையின் தோற்றம் பற்றிய ஒரு தேடல்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியின் சந்தைத் திடலை ஒட்டிய துறையிலிருந்து புறப்படும் நகரப் போக்குவரத்துப் படகு கால் மணி நேரத்தில் சென்று சேரும் சுவோமென்லின்னா, பின்லாந்து வளைகுடாவின் வடகரையோரம் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற பாறைத்தீவுகளுள் எட்டை உள்ளடக்கிய ஒரு சிறு தொகுதியாகும். இவற்றின் நிலப்பரப்பு அனைத்தையும் கூட்டினாலும் ஏறத்தாழ 80 ஹெக்டேரைத் தாண்டாது. எனினும் அந்தச் சிறு பரப்பில் சுமார் ஆறு கிலோமீட்டர் நீளக் கோட்டை மதிலும், இருநூறு கட்டடங்களும், ஒரு கப்பல் பழுதுபார்க்கும் துறையும், எண்ணூறு பேர் வாழும் ஓர் ஊரும் இருக்கின்றன. குஸ்தான்மியெக்கா, சுசிசாரி, பெரிய முஸ்தசாரி, சிறிய முஸ்தசாரி, மேற்கு முஸ்தசாரி ஆகிய முதன்மைத் தீவுகள் பாலங்களாலும் தூர்க்கப்பட்ட நில இணைப்புகளாலும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. சுவீடியர் இதைக் கட்டியபோது சுவேயபோரி என்றும், பின்னியர் தம் நாவுக்கேற்ப வியாபோரி என்றும் அழைத்தனர். விடுதலை பெற்ற பின்லாந்து 1918இல் வைத்த பெயரே சுவோமென்லின்னா.

இவ்வளவு சிறிய பாறைக்கூட்டத்தின் மீது ஒரு பேரரசு தன் கருவூலத்தைக் கொட்டியது ஏன் என்பதும், அப்படிக் கட்டப்பட்ட கோட்டை 1808இல் ஒரு பெரும் தாக்குதலைக்கூடச் சந்திக்காமல் சரணடைந்தது எப்படி என்பதும் இருவேறு கேள்விகளாகவே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. முதற்கேள்வியின் விடையைத் தொடக்கக் காலத் திட்டங்களில் தேடிச் செல்லும்போது இரண்டாவதன் விடையும் அங்கேயே கிடக்கக் காணலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தேடலை நிலத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். இத்தீவுகளின் அடிப்பாறை 180 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. கடைசிப் பனியூழியில் இதன்மேல் படிந்து நகர்ந்த பெரும் பனிப்பாளம் பாறையின் முகட்டை மழுங்கத் தேய்த்துவிட்டு உருகிச் சென்றது; அந்தப் பாரம் நீங்கியதால் நிலம் இன்றளவும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் மேலெழுந்துகொண்டிருக்கிறது. மண் மெலிந்த, மரம் அரிதான இப்பாறைகள் உழவுக்கு உதவாதவை. ஆனால் குஸ்தான்மியெக்காவுக்கும் கிழக்கே உள்ள வல்லிசாரித் தீவுக்கும் இடையிலான நீர்வழி, பெரிய கப்பல்கள் ஹெல்சிங்கித் துறைமுகத்துக்குள் நுழையக்கூடிய ஆழமுடையது. அதன் அகலமோ ஏறத்தாழ 80 மீட்டர்தான். கரையில் சில பீரங்கிகளை நிறுத்தியவன் அவ்வழியை அடைத்துவிடலாம். இந்த ஒரு நீர்வழிதான் பாறைத்தீவுகளைப் பொன்னாக்கியது.

அதே கடலுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. பால்டிக் கடலில் ஆற்றுநீர் மிகுதியாகக் கலப்பதாலும், பெருங்கடலோடு அதற்குள்ள தொடர்பு குறுகிய நீரிணைகள் வழியே மட்டும் அமைந்திருப்பதாலும், ஹெல்சிங்கி அருகே கடல்நீரின் உப்பு பெருங்கடலில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கிறது. உப்புக் குறைந்த நீர் எளிதில் உறைகிறது. கடுங்குளிர் ஆண்டுகளில் தீவுக்கும் கரைக்கும் இடையே குதிரையும் வண்டியும் பீரங்கியும் செல்லக்கூடிய பனித்தளம் படர்ந்து, வசந்தத்தின் நடுப்பகுதி வரை நிலைக்கும். கோடையில் தீவாக இருப்பது குளிர்காலத்தில் கரையின் தொடர்ச்சியாகிவிடும். கோட்டையைத் திட்டமிட்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

அவர்களை இங்கே கொண்டுவந்தது அடுத்தடுத்த தோல்விகள். 1703இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் வளைகுடாவின் கிழக்குக் கோடியில் புனித பீட்டர்ஸ்பர்க் நகரை நிறுவினார். 1700 முதல் 1721 வரை நீண்ட பெரும் வடக்குப் போரின் முடிவில் ஏற்பட்ட நிஸ்டாட் உடன்படிக்கை எஸ்தோனியா, லிவோனியா, இங்கிரியா ஆகிய பகுதிகளையும் வீபோர்க் கோட்டையையும் சுவீடனிடமிருந்து பறித்தது. இழந்ததை மீட்கும் கனவில் சுவீடனின் ஆளுங்கட்சி 1741இல் மீண்டும் போர் தொடுத்தது. 1743இல் ஓபோ உடன்படிக்கையில் மேலும் சில எல்லைக்கோட்டைகளை இழந்ததே மிச்சம். அன்று பின்லாந்து சுவீடன் அரசின் கிழக்குப் பாதி. அதற்கு ரஷ்ய எல்லையில் குறிப்பிடத்தக்க அரண் எதுவும் எஞ்சவில்லை. ஹெல்சிங்கியோ 1550இல் நிறுவப்பட்டு, 1640இல் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டு, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு மரவீட்டுச் சிற்றூராக இருந்தது. 1747இல் சுவீடனின் நாடாளுமன்றம் இரு கோட்டைகளைக் கட்ட முடிவெடுத்தது: எல்லையருகே லோவீசா நகரின் முன்னே ஸ்வார்த்ஹோல்ம் என்ற சிறு தீவுக்கோட்டை, ஹெல்சிங்கியில் முதன்மைத் தளம். பணத்தில் கணிசமான பகுதி பிரான்சிலிருந்து வந்தது. ரஷ்யாவை வடக்கே கட்டிப்போட விரும்பிய பாரிஸ் அரசவை, போரிடாமலே நேச நாட்டுக்கு வழங்கும் படைச்செலவு மானியமாக அதைக் கொடுத்தது.

பொறுப்பு அகுஸ்டின் ஏரன்ஸ்வேர்ட் (1710–1772) என்ற பீரங்கிப்படை அதிகாரியிடம் சென்றது. 1748இல் வேலை தொடங்கியது. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் வளர்த்தெடுத்த கொத்தள முறையே அக்காலத்தின் இலக்கணம். கொத்தளம் என்பது மதிலிலிருந்து ஐங்கோணமாக வெளியே துருத்தி நிற்கும் மேடை. ஒரு கொத்தளத்தின் பீரங்கிகள் அடுத்த கொத்தளத்தின் சுவரைக் காக்குமாறு அவை அமைக்கப்படுவதால், மதிலோரம் எங்கும் பகைவன் ஒண்ட இடமிராது. ஆனால் அந்த இலக்கணம் சமவெளிக்கு எழுதப்பட்டது. மேடும் பள்ளமுமான பாறைத்தீவில் கோணமானியை வைத்து வரையும் ஒழுங்கான விண்மீன் வடிவம் பொருந்தாது. ஏரன்ஸ்வேர்ட் பாறையின் போக்குக்கு மதிலை வளைத்தார். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். மதிலுக்கான கல்லும் இத்தீவுகளின் பாறையே. 1752இல் அடோல்ப் பிரெட்ரிக் அரசர் வேலையைப் பார்வையிட வந்தபோது அவருடைய கப்பல் நங்கூரமிட்ட இடத்தில் பின்னர் எழுப்பப்பட்ட வாயில் இன்றும் அரசவாயில் எனப்படுகிறது. வருங்காலத் தலைமுறை தன் சொந்த நிலத்தில் நிற்க வேண்டும், அயலார் உதவியை நம்பக்கூடாது என்ற பொருளில் ஏரன்ஸ்வேர்ட் எழுதிய வாசகம் அவ்வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சு மானியத்தில் எழுந்த சுவரில் இவ்வாசகம் இருப்பது பற்றி அவர் புன்னகைத்திருப்பாரா என்பதை எந்த ஆவணத்திலும் தேட முடியாது.

கோட்டையின் உயிர்நிலை மதில் அன்று, அதன் உள்ளே குடையப்பட்ட உலர்துறை. உலர்துறை என்பது கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, வாயிலை அடைத்து, நீரை இறைத்து, அடிப்பகுதியைப் பழுதுபார்க்கும் பள்ளம். பால்டிக்கில் கடலின் ஏற்றவற்றம் ஏறத்தாழ இல்லை என்பதால், மேற்கு ஐரோப்பாவில் செய்வதுபோல் வற்றத்தில் நீரைத் தானே வடியவிட இங்கு வழியில்லை. காற்றாலையால் இயங்கும் இறைப்பொறிகளை நிறுவி நீரை வெளியேற்றினர். டேனியல் துன்பெரி என்ற பொறியாளரின் பெயர் இத்துறையோடு இணைந்தது. அன்று அது ஐரோப்பாவின் மிகப்பெரிய உலர்துறைகளுள் ஒன்று. இன்றும் பழைய மரக்கப்பல்கள் அங்கே பழுதுபார்க்கப்படுகின்றன.

அத்துறையைத் தாய்வீடாகக் கொண்டது தீவுக்கூட்டக் கடற்படை. பெரும் போர்க்கப்பல்கள் பாறை மறைந்த கரையோர நீரில் தரைதட்டிவிடும். ரஷ்யர்கள் துடுப்புக் கப்பல்களில் அவ்வழியே படையிறக்கியே முந்தைய போர்களில் வென்றிருந்தனர். அதற்கு மாற்றாகப் பாயும் துடுப்பும் சேர்ந்த, ஆழம் குறைந்த, ஆனால் பெரும் பீரங்கி தாங்கும் கப்பல்களைப் பிரெட்ரிக் ஹென்ரிக் சாப்மன் என்ற கப்பற்கலை வல்லுநர் வடிவமைத்தார். துருமா, ஹெம்மேமா, உதேமா, பொயாமா என்று பின்லாந்தின் மாகாணப் பெயர்களை ஒட்டி அவை அழைக்கப்பட்டன. எனவே சுவேயபோரியைச் சுவர் சூழ்ந்த காவலிடமாக மட்டும் பார்ப்பது குறைபாடுடையது. அது ஒரு கடற்படையின் தொழுவமாகவும் பட்டறையாகவும் கருக்கொண்டது. 1800களின் தொடக்கத்தில் கோட்டைத்தீவுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 பேரின் எண்ணிக்கை, எதிர்க்கரையில் இருந்த ஹெல்சிங்கி நகரின் மக்கள்தொகையை விஞ்சியிருந்தது.

இங்கேதான் தொடக்கத் திட்டத்தின் மறுபாதி கவனத்துக்கு வருகிறது. தீவுகளில் கடற்கோட்டை ஒன்றும், ஹெல்சிங்கி நகரைச் சூழ்ந்த குன்றுகளில் நிலக்கோட்டை ஒன்றுமாக இரண்டும் சேர்ந்தே ஓர் அரணாக வேண்டும் என்பதே ஏரன்ஸ்வேர்ட் வகுத்த முறை. கடல் உறைந்த காலத்தில் பகைவன் கரையிலிருந்து வருவான். அவனைக் கரையிலேயே நிறுத்துவது நிலக்கோட்டையின் பணி. ஆனால் பணமும் அரசியல் ஆதரவும் கட்சி மாற்றங்களுக்கேற்ப ஏறி இறங்கின. தீவுப்பகுதி வளர்ந்தது, கரைப்பகுதி உல்ரிகாஸ்போரி எனப்பட்ட ஒரு குன்றரணோடு ஏறக்குறைய நின்றுபோனது. ஏரன்ஸ்வேர்ட் 1772இல் மறைந்தபோது தீவுகளிலேயே வேலை முற்றுப்பெறவில்லை. அவருடைய உடல் பின்னர் கோட்டையின் பெரும் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையின் வடிவத்தை மூன்றாம் குஸ்தாவ் அரசரே வரைந்து கொடுத்தார். கல்லறைக்குக் கிடைத்த அரச கவனம் கரைக்குன்றுகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

1808 பிப்ரவரி 21 அன்று, கடலும் ஏரிகளும் உறைந்து கிடந்த நேரத்தில், ரஷ்யப் படை எல்லையைக் கடந்தது. பருவத் தேர்வு தற்செயலானதன்று: சுவீடனின் கப்பல்கள் பனி உடையும் வரை அசைய முடியாது. மார்ச் தொடக்கத்தில் ஹெல்சிங்கி எதிர்ப்பின்றி வீழ்ந்தது. கோட்டையின் தலைவர் கடற்படைத் துணைத்தளபதி கார்ல் உலோப் க்ரூன்ஸ்டெட், 1790இல் ஸ்வென்ஸ்க்சுண்ட் கடற்போரில் சுவீடன் பெற்ற பெருவெற்றியில் பங்கேற்றுப் புகழ் பெற்றவர். நகரின் மீது கோட்டை சுடுவதில்லை, நகரப்பக்கம் ரஷ்யர் பீரங்கி மேடை அமைப்பதில்லை என்ற உடன்பாடு ஏற்பட்டது. ரஷ்யர் பிற திசைகளிலிருந்து சுட்டனர். முற்றுகையிட்ட படை உள்ளிருந்த படையைவிடப் பெரிதன்று. ஆயினும் ரஷ்யத் தரப்பின் வான் சுக்டெலன், தாக்குதலைவிடப் பேச்சே மலிவு என்று அறிந்திருந்தார். ஏப்ரல் 6 அன்று எழுதப்பட்ட உடன்பாட்டின்படி, மே 3 நண்பகலுக்குள் ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் சுவீடனிலிருந்து வந்து சேராவிட்டால் கோட்டை ஒப்படைக்கப்படும். பனி சூழ்ந்த வளைகுடாவில் அந்நாளுக்குள் கப்பல் வருமென எதிர்பார்ப்பது வானிலையோடு சூதாடுவதாகும். கப்பல் வரவில்லை. ஏழாயிரம் அளவிலான வீரர்களும், எழுநூறுக்கு மேற்பட்ட பீரங்கிகளும், துறையில் பனியில் உறைந்து நின்ற தீவுக்கூட்டக் கடற்படையின் நூறளவான கலங்களும் ரஷ்யர் கைக்குப் போயின.

க்ரூன்ஸ்டெட்டுக்குச் சுவீடனின் நீதிமன்றம் இரண்டகக் குற்றத்துக்கு மரண தண்டனை விதித்தது. அது நிறைவேற்றப்படவில்லை, அவர் 1820இல் ஹெல்சிங்கியை அடுத்த தம் பண்ணையில் இறந்தார். கவிஞர் ரூனெபெரி தம் புகழ்பெற்ற தொகுப்பில் இச்சரணடைவைப் பாடி, அவரைப் பழியின் உருவமாகவே நிலைநிறுத்தினார். கையூட்டு, அச்சம், உடனிருந்த கர்னல் எகர்ஹோர்னின் தூண்டுதல், கோட்டைக்குள் அடைபட்டிருந்த குடும்பங்கள் மீதான இரக்கம், வெடிமருந்துக் குறைவு என விளக்கங்கள் குவிந்துள்ளன. க்ரூன்ஸ்டெட்டின் மனவுறுதி குலைந்ததை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கரையரண் இல்லாத கடற்கோட்டையைப் பனிக்காலத்தில் காக்கும் நிலைக்கு அவரைத் தள்ளியது, அவர் பிறப்பதற்கு முன்பே வகுக்கப்பட்டுப் பாதியில் கைவிடப்பட்ட ஒரு திட்டம். குற்றக்கூண்டில் தனியொருவரை மட்டும் நிறுத்திய தீர்ப்பு, செலவுக்கணக்கில் கைவைத்த பல நாடாளுமன்றங்களை விடுவித்துவிட்டது.

விளைவு சுவீடன் நினைத்ததற்கு நேர்மாறு. 1809இல் பின்லாந்து தன்னாட்சியுள்ள நாடாக ரஷ்யப் பேரரசுடன் இணைந்தது. 1812இல் தலைநகரம் மேற்கேயிருந்த துர்க்குவிலிருந்து ஹெல்சிங்கிக்கு மாறியது. புனித பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகே இருப்பதும், வாயிலில் ஒரு பெருங்கோட்டை நிற்பதும் அம்மாற்றத்துக்கு முக்கியக் காரணங்கள். ரஷ்யாவைத் தடுக்கக் கட்டிய மதில், ரஷ்யப் பேரரசரின் புதிய தலைநகரைக் காக்கும் மதிலாயிற்று.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிரிமியப் போரின்போது 1855 ஆகஸ்டில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள், கோட்டைப் பீரங்கிகளின் எல்லைக்கு அப்பால் நின்று ஏறத்தாழ இரண்டு நாள் குண்டுமழை பொழிந்து பெருஞ்சேதம் விளைவித்தன. பிரெஞ்சு மானியத்தில் எழுந்த மதிலைப் பிரெஞ்சுக் குண்டுகளும் இடித்தன. 1906இல் ரஷ்ய வீரர்களின் கிளர்ச்சி ஒன்று இங்கே வெடித்து அடக்கப்பட்டது. 1918 உள்நாட்டுப் போருக்குப்பின் தோற்ற செஞ்சார்பினர் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்ட சிறைமுகாமாகத் தீவுகள் இருந்தன. பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1854இல் எழுப்பப்பட்ட ரஷ்ய வைதீகத் தேவாலயம் பின்னர் லூதரன் ஆலயமாக மாற்றப்பட்டது. அதன் உச்சி இன்று கலங்கரை விளக்காகவும் பயன்படுகிறது. 1973இல் கோட்டை படைத்துறையிடமிருந்து குடிமை நிர்வாகத்துக்கு வந்தது, 1991இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தீவிலுள்ள திறந்தவெளிச் சிறையின் கைதிகள் மதில் சீரமைப்பில் கூலிக்கு வேலை செய்கின்றனர்.

இக்கோட்டையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் தெற்கே, அரசவாயிலுக்கும் கடல் நோக்கிய பீரங்கிகளுக்கும் விரைகின்றனர். கோட்டையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள விரும்புவோர் படகிலிருந்து இறங்கியவுடன் வடக்கே திரும்பி, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் வானாய்வுக்கூடம் நிற்கும் குன்றை ஒருமுறை பார்க்க வேண்டும். உல்ரிகாஸ்போரி அரண் இருந்த குன்று அது. நிலக்கோட்டை எழுந்திருக்க வேண்டிய கரை அதுவே.