கெமிஸ்ட்ரி வாத்தியார் தேடுன கதை

பரளச்சியில அண்ணன் மக பிளஸ் டூ படிக்கிறா. கெமிஸ்ட்ரிதான் தகராறு. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200ல அதுக்கு 50 ஆச்சே, விட முடியுமா? டியூஷன் தேடி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

முதல் வாத்தியார் சென்டம் வாங்கின புள்ளைக பட்டியலக் காட்டினார். இவளை ஏறிட்டும் பாக்கலை.

ரெண்டாமவர், "எதும்மா புரியலை?"ன்னார்.

ரொம்பத் தயங்கி, "மோல் சார்"னா.

சிரிக்கலை மனுசன். டம்ளர்ல 18 மில்லி தண்ணி அளந்து ஊத்தினார். "எடை 18 கிராம். இதான் ஒரு மோல் தண்ணி. 36 கிராம்னா?"

"ரெண்டு மோல்!"

திரும்பி வர்றப்ப பஸ்ல சொல்றா: "பதினொண்ணாப்புலருந்தே தெரியாது சித்தப்பா. கேட்டா சிரிப்பாகன்னு பயம்."

டியூஷன் தேடுற மக்களே, புள்ளையவும் கூட்டிட்டுப் போங்க. வாத்தியார் அதுகிட்ட என்ன கேக்குறார்னு பாருங்க. நாங்க ரெண்டாமவர்கிட்டயே சேத்துட்டோம் :-)